இரண்டு வழிகள் உள்ளன

என் மகனுக்கு,

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சற்றுக் கண்ணயர்ந்தால் போதும், நான் அந்தக் கட்டடத்துக்குள் போய்விடுகிறேன். கடல் பக்கத்து ஜன்னல்கள் திறந்திருக்கின்றன. உத்தரத்திலிருந்து தரைவரை பச்சைத் தார்ப்பாய்கள் வரிசை வரிசையாகத் தொங்கி மெல்ல ஆடுகின்றன. அவற்றின் ஊடே வரும் வெயிலும் பச்சை. என் சட்டை, கையிலிருக்கும் நோட்டு, விரல் நகம்கூடப் பச்சையாகத் தெரிகிறது. துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதுகிறது. நான் ஒவ்வொரு பாயாக விலக்கிக்கொண்டு நடக்கிறேன், நடந்துகொண்டே இருக்கிறேன், எதைத் தேடி வந்தேன் என்பது மட்டும் நினைவுக்கு வருவதில்லை. உன் அம்மா சொம்பைத் தரையில் வைக்கும் சத்தத்தில் விழித்துக்கொள்கிறேன். விழித்த பிறகும் கொஞ்ச நேரம் சுவரெல்லாம் பச்சையாகவே இருக்கும்.

வியாழக்கிழமை நீ விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறுகிறாய். புதிய தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. நியமன உத்தரவை அம்மா மாதா படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தால் எடுத்துக் காட்டுகிறாள். அது என்ன வேலை என்று அவர்கள் கேட்டபோது நீ சொன்ன பதிலை நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "கட்டடத்தைச் சுத்திப் பாத்து, எங்கெங்க ஆபத்து கீதுன்னு எழுதிக் குடுக்கணும், அவ்ளோதான்" என்றாய். அந்த வேலையை நானும் செய்திருக்கிறேன், மகனே. மூன்று நாள் செய்தேன். அதை இத்தனை வருடம் உன்னிடம் சொன்னதில்லை. எதிரே உட்கார வைத்துச் சொல்லலாம் என்று இரண்டு மாதமாகப் பார்க்கிறேன், உன் முகத்தைப் பார்த்ததும் வேறு ஏதாவது பேசிவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன். ரயில் கூடூர் தாண்டிய பிறகு நிதானமாகப் படி.

உன் சின்ன வயதில் நான் ஒரு விசித்திரமான அப்பாவாக இருந்தேன் என்பது எனக்குத் தெரியும். தியேட்டருக்குப் போனால் உங்களை உட்கார வைத்துவிட்டு, படம் போடுவதற்குள் இரண்டு பக்கத்துக் கதவுகளையும் போய்த் தள்ளிப் பார்த்துவிட்டு வருவேன். "உங்க நைனா இன்னாடா, கொட்டாய வெலைக்கு வாங்கப் போறாரா?" என்று உன் சிநேகிதன் கேட்டதும், நீ தலையைக் குனிந்துகொண்டதும் நினைவிருக்கிறது. ஒரு கிறிஸ்துமஸுக்கு நீயே மூங்கில் பிளந்து, கலர்க் காகிதம் ஒட்டி, ஒரு நட்சத்திரம் செய்து வாசலில் கட்டினாய். உள்ளே மெழுகுவத்தி ஏற்றியிருந்தாய். தெருவே வந்து நின்று பார்த்தது. நான் வேலையிலிருந்து வந்தேன், பார்த்தேன், ஒரு வார்த்தை பேசாமல் குடத்துத் தண்ணீரைத் தூக்கி அதன்மேல் ஊற்றினேன். சிவப்புக் காகிதம் கரைந்து உன் சட்டையெல்லாம் வழிந்தது. நீ மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அதற்கு இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

தார்ப்பாய்க் கம்பெனியில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த அப்பா, ஏன் துறைமுகத்தில் வெயிலில் நின்று மூட்டை எண்ணுகிறார் என்று ஒரு தடவை கேட்டாய். அந்த எண்ணெய் வாசனை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அது பொய். அந்த வாசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கம்பெனி திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கமாகத் திரும்பும் ஒரு சந்தில் இருந்தது. யாரோ வெள்ளைக்காரன் காலத்துக் கிடங்கு, கீழே செங்கல், மேலே மரத்தளம். கித்தான் துணி கட்டுக்கட்டாக வரும். அதை ஆளிவிதை எண்ணெயும் மெழுகும் பச்சைச் சாயமும் கலந்த தொட்டியில் முக்கி எடுத்து, கீழ்த்தளக் கூடத்தில் தொங்கவிடுவார்கள். காய்ந்த பாய்கள் மாடிக்குப் போகும். அங்கே பத்தொன்பது பெண்கள் ஓரம் மடித்துக் கயிறு வைத்துத் தைத்து, இழுத்துக் கட்டுவதற்கான பித்தளைக் கண் அடிப்பார்கள். லாரிக்கும் ரயில் வேகனுக்கும் துறைமுகத்தில் குவிந்து கிடக்கும் சரக்குக்கும் போர்த்துவதற்கு எங்கள் பாய்கள்தான் போகும். நான் ஸ்டோர் கிளார்க். முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் என் மேசை. எண்ணெய் வாசனையும் கடற்காற்றும் கலந்து வரும்போது, நான் கரையில் இல்லை, எங்கோ மெல்லப் போய்க்கொண்டிருக்கும் ஒரு கப்பலில் இருக்கிறேன் என்று தோன்றும். பத்து வருடம் அப்படித்தான் மிதந்துகொண்டிருந்தேன்.

நீ நாலாவது படித்துக்கொண்டிருந்த வருடம். இன்ஷூரன்ஸ்காரர் வரப்போகிறார், கட்டடத்தில் தீப்பிடிக்க வாய்ப்புள்ள இடங்களையும் அதற்குச் செய்திருக்கும் ஏற்பாடுகளையும் எழுதித் தயாராக வைக்க வேண்டும் என்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். என் கையெழுத்து அழகாக இருக்கும், அதனால்தான் நான். புது நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்து, "மூணு நாள் டைம் எடுத்துக்கங்க, ஸ்டோரை வேற ஆள் பாத்துப்பாங்க" என்றார்.

முதல் நாள் கீழ்த்தளம். பத்து வருடமாக நடந்த இடத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொன்னால் நம்புவாயா? சிவப்பு வாளிகளில் மணலுக்குப் பதில் பீடித் துண்டுகள். ஒரு வாளியில் பூனை குட்டி போட்டிருந்தது. சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவிக்கு ஆயுத பூஜையன்று யாரோ பக்தியோடு சந்தனம் அப்பியிருந்தார்கள், அது கருவியின் மூக்குத் துவாரத்தில் காய்ந்து கல்லாகிக் கிடந்தது. மின்கம்பி ஒன்று ஆணியில் சுற்றி, அந்த ஆணியில் ஒருவருடைய சட்டையும் தொங்கியது. மாடிக்குப் போகும் மரப்படிக்குக் கீழே, இடம் போதவில்லை என்று, பாய்களை மடித்து அடுக்கியிருந்தார்கள். தொட்டிக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்து அந்த அடுக்கின் நடுவே நுழைத்தார். காய்ச்சல் கண்ட குழந்தையின் அக்குள் மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. "தொங்கவுட்டா சூடு காத்தோட பூடும். ஈரம் போறதுக்குள்ள மடிச்சா உள்ளயே குந்திக்கும். யாரும் வத்திப்பொட்டிய தொட வேணாம் சார், அதுவா புடிச்சிக்கும்" என்றார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். கனவில் ஒருவன் தன் வீட்டிலேயே புதுப்புது அறைகளைக் கண்டுபிடிப்பான் இல்லையா, அப்படி ஒரு கிறக்கம் எனக்கு.

இரண்டாம் நாள் மாடி. அங்கே பாக்கியம் என்று ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும், புளியந்தோப்பிலிருந்து நடந்தே வருவாள், கயிறு வைத்துத் தைப்பதில் அவளுக்கு ஈடு யாரும் கிடையாது. நான் மூலைமூலையாகக் குனிந்து பார்ப்பதைக் கவனித்துக்கொண்டே இருந்தவள், ஊசியை நிறுத்தாமல் கேட்டாள்.

"இன்னா அண்ணாத்தே, இன்னாத்த தொலச்சிட்டு தேடிகினு கீற?"

சொன்னேன். நெருப்பு வந்தால் எப்படி வெளியே போவது என்று எழுதப்போகிறேன், முன் படி ஒன்று, பின்னால் இரும்புப் படி ஒன்று, என்று பெருமையாகக் கையைக் காட்டினேன்.

"நெருப்பு வந்தா வெளிச்சமா இருக்கும்னு நெனச்சிகினு கீறியா? எங்க குடிசை வரிசை எரிய சொல்லோ பட்டப்பகலு. என் கையி எனக்கே தெரில. பொகைல ஒண்ணியும் தெரியாது, அண்ணாத்தே. கண்ண மூடிக்கோ. மூடிகினு வெளிய போ, பாக்கலாம்."

பெண்கள் எல்லாரும் தையலை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினேன். பத்தடி போயிருப்பேன், ஒரு தையல் மேசையில் இடித்துக்கொண்டேன். திரும்பினேன், எந்தப் பக்கம் திரும்பினேன் என்பது மறந்துபோனது. கடல் ஒரு பக்கம்தானே இருக்க வேண்டும், அதன் சத்தம் நாலு பக்கத்திலிருந்தும் வந்தது. சிரிப்புச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. உண்மையிலேயே பயம் வந்துவிட்டது எனக்கு. அப்போது பாக்கியத்தின் குரல் மட்டும் பக்கத்தில் கேட்டது. "எடது கைய செவுத்துல வெய். எடுக்காத. தடவிகினே போ." போனேன். செங்கல், ஜன்னல் விளிம்பு, செங்கல், ஒரு தூண், பிறகு குளிர்ந்த இரும்புத் தகடு. பின் கதவு. தள்ளினேன், அசையவில்லை. கண்ணைத் திறந்தேன். அது இரட்டைக் கதவு, இரண்டுக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடுக்கு, அதன் வழியே வெளியே ஒரு பெரிய பூட்டு தொங்குவது தெரிந்தது.

"சாவி மேனேஜர் ட்ராயர்ல கீது," என்றாள் பாக்கியம். இப்போது அவள் சிரிக்கவில்லை. "இத்த எழுது அண்ணாத்தே. வேற எத்த உட்டாலும் உடு. இத்த எழுதிடு."

எழுதினேன். நோட்டில், ஆறாவதாக, "மாடியின் பின் கதவு வெளியே பூட்டப்பட்டிருக்கிறது" என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

மூன்றாம் நாள் சுத்தப் பிரதி எழுத மேனேஜர் அறையில் உட்கார்ந்தேன். அவர் என்னை எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னார். பத்து வருடத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை. கப்பும் சாஸருமாகக் காபி வந்தது. வாளிகளுக்கு மணல் போடச் சொல்லிவிட்டார், கருவியைச் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டார், படிக்குக் கீழே இருந்த அடுக்கை அன்றே அப்புறப்படுத்தச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை அவர். ஆறாவதற்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் படி வழியாத்தான் துணியைக் கீழே தள்ளி விட்டுக் கடத்திக்கிட்டிருந்தாங்க, உங்களுக்கே தெரியும். தீ எப்பவோ ஒரு நாள் வரலாம், வராமலும் போகலாம். திருட்டு தினமும் வருது. சரி, நான் ஒண்ணு கேக்கறேன். அங்க கதவு இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார்."

"அப்போ இருக்குன்னு எழுதுங்க. பூட்டைப் பத்தி யாரும் நம்மைக் கேக்கலையே."

"மாடியிலிருந்து வெளியேற இரண்டு வழிகள் உள்ளன" என்று எழுதினேன். என்ன அழகான வரி பார். ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. மிரட்டலுக்குப் பயந்து எழுதியிருந்தால் பின்னாளில் என்னை நானே மன்னித்திருப்பேன் என்று நினைக்கிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை. அந்த நாற்காலி மெத்தென்று இருந்தது, காபி சூடாக இருந்தது, ஒரு பெரிய மனிதர் என்னைச் சமமாக நினைத்து யோசனை கேட்டார். சந்தோஷத்தில் எழுதினேன், மகனே. உனக்கும் அப்படி ஒரு நாற்காலி போடுவார்கள்.

சாயங்காலம் வேலை விடும்போது முற்றத்தில் பாக்கியம் என்னை நிறுத்தினாள். "எழுதிட்டியா அண்ணாத்தே?" என்றாள். எழுதிவிட்டேன் என்றேன். நோட்டில் எழுதியது நிஜம்தானே. அவள் முகம் தெளிந்தது. "அப்ப தொறந்து வெச்சிடுவாங்க" என்று மற்ற பெண்களிடம் சொல்லிக்கொண்டே போனாள்.

இன்ஷூரன்ஸ்காரர் வந்தார், மாடியின் நடுவரை நடந்தார், பின் கதவைத் தூரத்திலிருந்து பார்த்துத் தலையாட்டினார், போய்விட்டார். பத்து நாள் கழித்துப் படிக்குக் கீழே மறுபடி அடுக்கு முளைத்தது. அது மழைக்கு முந்தின மாதம், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தார்ப்பாய் வேண்டும். காய்ந்ததும் காயாததுமாக மடித்துப் போட்டார்கள். தினமும் அதைத் தாண்டிப் போனேன். ஒரு நாள் கையை உள்ளே விட்டுப் பார்க்கலாமா என்றுகூட நின்றேன். விட்டுப் பார்த்தால் சூடாக இருக்கும், சூடாக இருந்தால் யாரிடமாவது போய்ச் சொல்ல வேண்டும். போய்விட்டேன்.

அது ஒரு மதியம். எல்லாரும் சாப்பிட்டு முடித்து வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். வானம் மூடியிருந்தது, காற்றே இல்லை, கடல்கூடச் சத்தமில்லாமல் கிடந்தது. கொட்டகையில் உட்கார்ந்திருந்த எனக்கு எண்ணெய் வாசனை கொஞ்சம் இனிப்பாக மாறியது போலத் தோன்றியது, யாரோ பக்கத்தில் பணியாரம் சுடுவது போல. தூக்கக் கலக்கத்தில் அதை ரசித்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பிறகு கூச்சல் கேட்டது. வெளியே ஓடி வந்தால், முன்வாசல் கறுப்பாக இருந்தது. புகை கதவு வழியாக உருண்டு வெளியே வந்துகொண்டிருந்தது, அவசரமில்லாமல், ஒரு பெரிய மிருகம் எழுந்து வருவது போல. தொட்டிக்காரர்கள் இருமிக்கொண்டு வெளியே விழுந்தார்கள். மரப்படி கீழிருந்து எரிந்துகொண்டிருந்தது.

மாடியில் என்ன நடந்தது என்பதைப் பின்னால் அந்தப் பெண்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். புகை பலகை இடுக்குகளில் ஏறி வந்ததும் சிலர் ஜன்னலுக்கு ஓடியிருக்கிறார்கள். ஜன்னல்களுக்குக் கம்பி. பாக்கியம், "ஒருத்தி முந்தானைய ஒருத்தி புடி, எடது கைய செவுத்துல வெய்யி, பின் கதவு தொறந்துதான் கீது, எழுதிட்டாங்க, வாங்கடி" என்று கத்தியிருக்கிறாள். மற்ற பதினெட்டுப் பேரும் கண்ணை மூடிக்கொண்டு அவள் பின்னால் வந்திருக்கிறார்கள். என் வார்த்தையை நம்பி வந்தார்கள்.

நான் பின்பக்கம் ஓடினேன். மேனேஜர் துறைமுகத்துக்குப் போயிருந்தார், ட்ராயர் சாவி அவரிடம். பீப்பாய் மூடி நெம்பும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு இரும்புப் படியில் ஏறினேன். உள்ளேயிருந்து கதவை அறையும் சத்தம். அடித்தேன். பூட்டு ஆடியது, நழுவியது, கடப்பாரை தகட்டில் பட்டுத் தெறித்தது. மறுபடி அடித்தேன், மறுபடி ஆடியது. கதவு இடுக்கிலிருந்து புகை என் முகத்தில் அடித்தது, கண்ணில் நீர் கொட்டியது. அப்போது அந்த இடுக்கு வழியாக ஒரு கை வெளியே வந்தது. முழுக் கை வராது, விரல்கள் மட்டும். அவை தடவித் தடவிப் பூட்டைக் கண்டுபிடித்து அதை ஆடாமல் கதவோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டன.

"ஆடிகினு கீது. நா புடிச்சிக்கினேன். அடி."

"பாக்கியம், கைய எடு! வெரல் மேல படும்!"

"பட்டா படட்டும். உள்ள முடில. அடி அண்ணாத்தே!"

அடித்தேன். எத்தனை அடி என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டாவதோ மூன்றாவதோ அவள் விரலில்தான் விழுந்தது, என் கைக்குத் தெரிந்தது. அவள் கத்தினாள், ஆனால் பிடியை விடவில்லை. பூட்டு வாய் பிளந்து விழுந்ததும் கதவு என்னைத் தள்ளிக்கொண்டு திறந்தது. அந்த இரும்புப் படியில் ஒருத்தி முந்தானையை ஒருத்தி பிடித்தபடி, இன்னும் கண்ணை மூடிக்கொண்டே, பெண்கள் வரிசையாக இறங்கி வந்தார்கள். கீழே வந்து மண்ணில் கால் பட்ட பிறகுகூடச் சிலர் கண்ணைத் திறக்கவில்லை. எல்லாரையும் முன்னால் அனுப்பிவிட்டுப் பாக்கியம் கடைசியாக வந்தாள், வலது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

ஒருவரும் சாகவில்லை. தெருவில், கோவிலில், எல்லாரும் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். நானும் ராயபுரத்தில் பலிபூசையில் முழங்காலில் நின்றேன். வாய் திறந்து ஜெபம் வரவில்லை.

பாக்கியத்துக்கு வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீளமான வார்டு, கோடியில் அவள் கட்டில். என்னைப் பார்த்ததும் சிரித்தாள், என்னைக் கும்பிடப் போனாள், கட்டுப்போட்ட கையோடு. அதற்குமேல் தாங்க முடியவில்லை. நோட்டில் எழுதியதையும் காகிதத்தில் எழுதியதையும், நாற்காலியையும் காபியையும் சொன்னேன். அவள் கூரையைப் பார்த்தபடி கேட்டாள். ஆயா ஒருத்தி தரையைத் துடைத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள்.

"நீ அடிச்சதுல வலிச்சுது. இது அதவிட வலிக்குது" என்றாள். பிறகு, "என்னாண்ட சொல்லி இன்னா புண்ணியம்? எந்த எடத்துல சொல்லணுமோ அந்த எடத்துல போய் சொல்லு. போ" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அரசாங்க இன்ஸ்பெக்டரின் விசாரணை அடுத்த வாரம் இருந்தது. பின் கதவு திறந்துதான் இருந்தது, அன்று காலைதான் யாரோ தவறுதலாகப் பூட்டிவிட்டார்கள் என்று எல்லாரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்று கம்பெனியில் ஏற்பாடாகியிருந்தது. முந்தின நாள் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் அரிவாள்மனையை மடக்கி வைத்தாள். நீ கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாய். "வேலை பூட்டா பூட்டுது, இன்னா இப்ப? அந்தப் பொம்பள மூஞ்சிய நாளைக்கி மார்க்கெட்ல பாத்தா நான் தலைய நிமுத்தி நடக்க வேணாமா? போய் சொல்ட்டு வாங்க" என்றாள். அவள் அழுதாளா என்று இப்போது யோசித்தால் நினைவில்லை. வெளியே மழை பிடித்திருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

விசாரணையில் நோட்டைக் கொடுத்தேன். ஆறாவது வரியை இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார். "தெரிஞ்சுதான் மாத்தி எழுதினீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது, ஆனால் பல நாளைக்குப் பிறகு தரையில் கால் பதிந்து நிற்பது போல இருந்தது. அந்த மாதமே எனக்கு வேலை போனது. மேனேஜரையும் மாற்றினார்கள். கட்டடத்தின் எரிந்த பாதியை இடித்துக் கட்டினார்கள். மாடியிலிருந்து இரண்டு பக்கமும் கல் படி, உள்ளிருந்து தள்ளினாலே திறக்கும் கதவு, பூட்டுக்கு வளையமே கிடையாது. பெண்கள் ஒன்று சேர்ந்து கேட் முன்னால் உட்கார்ந்த பிறகு பாக்கியத்தைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கயிறு தைக்க முடியவில்லை. இடது கையால் பித்தளைக் கண் அடிக்கப் பழகிக்கொண்டாள்.

இதுதான் உன் அப்பாவின் கதை. இதில் உனக்கு நான் என்ன புத்தி சொல்வது? உன் படிப்பில் இல்லாத எதுவும் எனக்குத் தெரியாது. புகைக்கும் வெப்பத்துக்கும் உன்னிடம் கணக்கும் சூத்திரமும் இருக்கின்றன. ஒன்றே ஒன்று கவனித்துக்கொள். ஒரு கட்டடத்தில் எது எங்கே எரியும் என்று அங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரியும். கையை நுழைத்துக் காட்டுவார்கள், கண்ணை மூடச் சொல்வார்கள், சில சமயம் சிரிப்பார்கள். நீ எழுதிக்கொண்டாயா என்று ஒருத்தி வந்து கேட்டால், எழுதிவிட்டேன் என்று சொல்வதற்கு முன்னால் நன்றாக யோசி. அந்த ஒரு சொல்லை நம்பி அவள் இன்னும் பதினெட்டுப் பேரை அழைத்துக்கொண்டு வருவாள்.

உன் நியமன உத்தரவு வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நண்பனைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் புளியந்தோப்புக்குப் போனேன். வருடத்துக்கு ஒரு முறையாவது போவேன், உனக்குத் தெரியாது. பாக்கியம் இப்போது மருமகளோடு ஹவுசிங் போர்டு வீட்டில் இருக்கிறாள், இரண்டாவது மாடி. தலை முழுக்க வெளுத்துவிட்டது. என்னை அவள் மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. போனால் டீ கொடுப்பாள், முறுக்கு கொடுப்பாள், பழைய ஆட்களைப் பற்றிப் பேசுவோம். உன் வேலையைப் பற்றிச் சொன்னேன். டீ டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டாள்.

"கையெழுத்து போடற வேலையா?"

"ஆமா."

"மேனேஜர் ரூம்ல குந்திகினு போட வேணாம்னு சொல்லு. மேல, ஆளுங்க வேலை செய்ற எடத்துல நின்னுகினு போட சொல்லு."

அவள் சொன்னதை அப்படியே உனக்குத் தந்துவிட்டேன். இனி என் பங்குக்கு ஒன்று. ஒரு நாள் நீ உள்ளதை உள்ளபடி எழுதியதால் அந்த வேலை போகலாம். அப்படி நேர்ந்தால் கூச்சப்படாதே, யாருக்கும் விளக்கம் எழுதாதே, அடுத்த ரயிலைப் பிடி. ஏன் வந்தாய் என்று நான் கேட்க மாட்டேன். அம்மா உலை வைத்துவிட்டு உன் தட்டைக் கழுவுவாள். நீ சாப்பிட்டுத் தூங்கு, நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுகிறேன்.

உன் அப்பா